மார்க் கணக்கை எதில் வைப்பது: எக்செல், கூகுள் கிளாஸ்ரூம், மூடில், கம்பெனி மென்பொருள்

காலாண்டுத் தேர்வு முடிந்து மார்க் கூட்டும் வாரத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர்கள் பலரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எக்செல்லிலேயே ஓட்டலாமா, கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறலாமா, இலவசம் என்கிறார்களே, மூடில் என்ற இணையவழிப் பாட, தேர்வு மென்பொருளைப் போடலாமா? தனியார் பள்ளிக்காரர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பார்கள்: "ஒரு கம்பெனிக்காரர் வந்து டெமோ காட்டினார் சார், ரேங்க் கார்டு வரைக்கும் அதுவே போட்டுத் தருதாம், வாங்கலாமா?"

ஓசூரில் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும், சித்தேரி மலைப்பக்கம் செல்போன் சிக்னலைத் தேடி வாசலுக்கு வரும் பள்ளிக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. அதனால் எது நல்லது என்று கேட்பதைவிட, எது உங்கள் பள்ளியின் கணக்கு விதியைச் சரியாகப் போடும் என்று கேட்பதுதான் பயன்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அரசுப் பள்ளிகளுக்கு எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித் துறையின் இணையதளம்) பதிவு எப்படியும் உண்டு. அது நாம் தேர்ந்தெடுக்கும் விஷயம் இல்லை. அதில் ஏற்றுவதற்கு முன்னால், தேர்வுத்தாளிலிருந்து வந்த மார்க்கை எங்கே வைத்து, எப்படிக் கூட்டி, எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

## எதை வைத்து எடைபோடுவது

### காலிக் கட்டம்

மார்க் பட்டியலில் பெரிய சண்டைகள் எல்லாம் காலிக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன. பென்னாகரம் பக்கம் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது பையனும் கூடப் போய்விடுகிறான். மூன்றாவது தேர்வை எழுதவில்லை. 20 மதிப்பெண் தேர்வுகள் நான்கு. அவன் வாங்கியது 18, 16, ஆப்சென்ட், 14.

எழுதிய மூன்றுக்கு மட்டும் சராசரி எடுத்தால் 16, அதாவது 80 சதவீதம். ஆப்சென்டைப் பூஜ்ஜியமாக வைத்து நான்கால் வகுத்தால் 12, அதாவது 60 சதவீதம். சிறந்த இரண்டை மட்டும் எடுத்தால் 17, அதாவது 85 சதவீதம். முழுமையான தொடர் மதிப்பீட்டின் (சிசிஇ) கிரேடு ஏணியில் வைத்துப் பாருங்கள்: முதலாவது பி1, இரண்டாவது சி1, மூன்றாவது ஏ2. ஒரே பையன், அதே நான்கு தேர்வு, மூன்று கிரேடு.

எந்த மென்பொருளும் இதில் ஏதோ ஒன்றைத் தானாக எடுத்துக்கொள்ளும், உங்களைக் கேட்காது. கணக்கு தப்பு என்று அது சொல்லவும் சொல்லாது. ஏனென்றால் அதன் பார்வையில் கணக்கு சரிதான்.

இதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆண்டின் நடுவில் கர்நாடகத்திலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜூன், ஜூலை தேர்வுக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலியும் தேர்வுக்கு வராதவனின் காலியும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வழி இருக்கிறதா என்பது நல்ல கேள்வி.

### பங்கும் சிறந்ததும்

2012-13இல் முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் நடுவே நடக்கும் சிறு தேர்வுகள், செயல்பாடுகள்) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 80-ம் 20-ம். அந்த இருபதும் நான்கு ஐந்துகளாகப் பிரியும். பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இந்தப் பங்குகளை வைத்துக் கூட்டுவது எல்லாக் கருவியாலும் முடியும். சிறந்த இரண்டை எடு, குறைந்ததை விடு என்பது சிலவற்றால்தான் முடியும்.

இன்னும் கடினமானது இரட்டை நிபந்தனை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75-க்கு 20-ம், செய்முறை 25-க்கு 15-ம் எடுத்தால்தான் தேர்ச்சி. எழுத்தில் 18, செய்முறையில் 25 எடுத்த மாணவியின் கூட்டுத்தொகை 43. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் எந்த முறையும் அவளைப் பாஸ் என்று காட்டிவிடும். திருப்புதல் தேர்வில் அப்படிக் காட்டிவிட்டால் அவள் எந்த இடத்தில் படிக்க வேண்டும் என்பதே மறைந்துபோகும்.

### முழுமையாக்கல்

25-க்கு நடத்தி 10-க்குச் சுருக்குவது எல்லோரும் செய்வது. மூன்று தேர்வில் 14, 19, 9 என்று எடுத்தவருக்குச் சுருக்கினால் 5.6, 7.6, 3.6. ஒவ்வொன்றையும் அப்போதே முழுமையாக்கினால் 6, 8, 4, கூட்டினால் 18. கடைசியில் மட்டும் முழுமையாக்கினால் 16.8, அதாவது 17. ஒரு மார்க் வித்தியாசம். 35-ஐ ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மார்க் சின்னது இல்லை.

### மற்றவை

யார் எப்போது எந்த மார்க்கை மாற்றினார் என்று பார்க்க முடியுமா? கரண்டும் நெட்டும் இல்லாத நாளில் வேலை நடக்குமா? வேண்டாம் என்று விட்டால் நம் தரவை வெளியே எடுத்துப்போக முடியுமா? பணம் எவ்வளவு, பணமாகத் தெரியாத உழைப்பு எவ்வளவு? இவற்றை ஒவ்வொரு கருவியோடும் சேர்த்தே சொல்கிறேன்.

## எக்செல், லிப்ரெஆபிஸ்

பெரும்பாலான பள்ளிகள் இன்றைக்கும் இருப்பது இங்கேதான். அதில் கேவலம் எதுவும் இல்லை. இரட்டை நிபந்தனை, சிறந்த இரண்டு, எந்தக் கட்டத்தில் முழுமையாக்குவது என்று மேலே சொன்ன எல்லாவற்றையும் துல்லியமாகப் போடக்கூடியது விரிதாள்தான். 'லார்ஜ்' சூத்திரம் சிறந்த இரண்டைத் தரும். 'இஃப்'பும் 'ஆண்ட்'டும் சேர்ந்தால் எழுத்து 20, செய்முறை 15 என்ற நிபந்தனை வந்துவிடும். நெட் வேண்டாம். எக்செல்லுக்கு மாற்றான லிப்ரெஆபிஸ் என்றால் உரிமத்துக்குக் காசும் வேண்டாம்.

ஆபத்து சூத்திரத்தில் இல்லை, சூத்திரம் ஆளுக்கு ஆள் மாறுவதில்தான். ஆப்சென்ட் கட்டத்தில் 'ஏபி' என்று தட்டியிருக்கிறோம். 'ஆவரேஜ்' போடும் கணக்கு ஆசிரியருக்கு 16 வரும், ஏனென்றால் எழுத்து உள்ள கட்டத்தை அது தாண்டிவிடும். கூட்டி நான்கால் வகுக்கும் தமிழ் ஆசிரியருக்கு 12 வரும். ஒரே ஒர்க்புக், அடுத்தடுத்த ஷீட், இரண்டு விதி. வகுப்பாசிரியர் ரேங்க் போடும்போது இரண்டையும் கூட்டி ஒரு எண்ணாக்கிவிடுவார். அதற்குப் பிறகு யார் தேடியும் கண்டுபிடிக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று: கட்டத்தில் 35 என்று தெரியும், பக்கத்தில் 'ஃபெயில்' என்று விழும். உள்ளே இருப்பது 34.5. தசமத்தை மறைத்து வைத்ததால் 35 என்று காட்டுகிறது, ஆனால் ஒப்பிடும்போது 34.5-ஐத்தான் எடுக்கிறது. 'ரவுண்ட்' சூத்திரம் போட்டு மதிப்பையே மாற்ற வேண்டும். காட்சியை மாற்றினால் போதாது.

அப்புறம் வரிசைப்படுத்தும்போது நடப்பது. ரேங்க் பார்க்க மொத்தம் உள்ள நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துச் சார்ட் செய்தால், பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் பெயர் அங்கேயே நிற்கும், மார்க் மட்டும் நகரும். சேமித்து மூடிவிட்டால் முடிந்தது.

மறைந்த செலவு உழைப்புதான். ஏழு ஆசிரியர்கள் ஏழு கோப்பை வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் அனுப்ப, யாரோ ஒருவர் இரவு உட்கார்ந்து ஒட்டுவார். அந்த ஒருவர் இடமாறுதல் வாங்கிப் போனால் சூத்திரமும் அவரோடு போய்விடும். யார் எதை மாற்றினார்கள் என்ற தடமும் இருக்காது.

இது யாருக்கு ஏற்றது என்றால்: ஒரு வகுப்புக்கு ஒரு பிரிவு உள்ள சிறிய பள்ளி, நெட் நம்ப முடியாத இடம், பொதுத்தேர்வு விதிமுறையை அப்படியே போட வேண்டிய ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகள். நிபந்தனை ஒன்றே: பள்ளிக்கு ஒரே மாதிரிக் கோப்பு, சூத்திரக் கட்டங்களுக்குப் பூட்டு.

## கூகுள் கிளாஸ்ரூம், ஷீட்ஸ்

இவை இரண்டையும் பலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். பிரித்துப் பார்ப்பது நல்லது. ஷீட்ஸ் என்பது எக்செல் போல இணையத்தில் இயங்கும் கூகுளின் விரிதாள்.

கிளாஸ்ரூம் 2014-இல் வந்தது. வீட்டுப்பாடம் கொடுப்பது, வாங்குவது, திருத்தித் திருப்பி அனுப்புவது என்ற வேலைக்குத்தான் அது பிறந்தது. மார்க் கணக்கு அதில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருப்பது. மொத்தக் கணக்கு வேண்டாம், மொத்தப் புள்ளிகள், பிரிவுவாரிப் பங்கு என்று மூன்று வழி உண்டு. பிரிவுவாரிப் பங்கில் எல்லாம் சேர்ந்து நூறு சதவீதம் வந்தாக வேண்டும். வளரறி 40, தொகுத்தறி 60 என்பதற்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

மார்க் போடாமல் விட்ட கட்டத்தை அது கணக்கில் எடுக்காது. நம் பையனுக்கு 80 சதவீதம் காட்டும். பூஜ்ஜியம்தான் உங்கள் விதி என்றால் நீங்களே பூஜ்ஜியம் தட்ட வேண்டும். சிறந்த இரண்டை மட்டும் எடு என்று சொல்ல அதில் இடமில்லை. இரட்டை நிபந்தனையும் கிடையாது. மார்க்கை ஷீட்டுக்கோ சிஎஸ்வி (எந்த விரிதாளிலும் திறக்கும் எளிய அட்டவணை) கோப்புக்கோ இறக்கி அங்கே கணக்குப் போடலாம். ஆனால் அப்படிச் செய்தால் இரண்டு இடத்தில் இரண்டு மொத்தம் இருக்கும். பிள்ளை போனில் பார்த்தது ஒன்று, ரேங்க் கார்டில் வந்தது வேறொன்று என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். ஷீட்டில் கணக்குப் போடுவதாக இருந்தால் கிளாஸ்ரூமில் மொத்தக் கணக்கு வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவதே நல்லது.

தாளில் எழுதிய தேர்வையும் அதில் ஒரு அசைன்மென்டாக உருவாக்கித்தான் மார்க் போட முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு வேண்டும். கடவுச்சொல் மறந்துபோகும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தால் அதற்கே ஒரு பீரியட் போய்விடும். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு ஓசூர் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடும் என்றால் பிள்ளை எப்போது பார்ப்பது?

காசு கிடையாது என்பது உண்மைதான். தகுதியுள்ள கல்வி நிறுவனத்துக்கு அடிப்படைப் பதிப்பு இலவசம், பள்ளி முழுதுக்கும் சேர்த்து 100 டெராபைட் இடம். ஆனால் அதற்குப் பள்ளியின் பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரி) வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். பல ஆசிரியர்கள் அதைச் செய்யாமல் சொந்த ஜிமெயிலில் வகுப்பைத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது வகுப்பின் உரிமை பள்ளிக்கு இல்லை, அந்த ஆசிரியருக்குத்தான். அவர் வேறு பள்ளிக்குப் போகும் நாளில் உரிமையை மாற்றிக்கொடுக்க மறந்தால் மூன்று வருஷ மார்க்கும் அவர் பெட்டியில். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் விவரம் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் கிடப்பது நல்லதல்ல.

ஷீட்ஸ் மட்டும் தனியாக? இதைத்தான் நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். எக்செல்லின் சூத்திர பலம் அப்படியே இருக்கும். ஏழு ஆசிரியர்களும் ஒரே கோப்பில் அவரவர் நெடுவரிசையில் தட்டலாம். மற்ற நெடுவரிசைகளைப் பூட்டி வைக்கலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பது பதிப்பு வரலாற்றில் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கணக்கே வேண்டாம், ஆசிரியர்களுக்கு மட்டும் போதும். நெட் இல்லாத வேளைக்கு ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைத்தால் சமாளிக்கலாம், ஆனால் இரண்டு நாள் நெட் இல்லாத மலைப்பள்ளிக்கு இது சரிப்படாது.

## மூடில்

சூத்திரம் எழுதாமலேயே கணக்குப் போடும் திறனை மட்டும் பார்த்தால் இந்த நால்வரில் மூடில்தான் பெரியவர். மூடிலை ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கினார், முதல் பதிப்பு 2002-இல் வந்தது. மூலநிரல் திறந்தது, உரிமக் கட்டணம் இல்லை. தேர்வை அதிலேயே நடத்தலாம், வினா வங்கி வைக்கலாம், மார்க் தானாகவே மதிப்பெண் ஏட்டுக்குப் போய்ச் சேரும். தாளில் எழுதிய தேர்வுக்கும் ஒரு கட்டம் சேர்த்துக் கையால் தட்டலாம், அல்லது சிஎஸ்வி கோப்பாக ஏற்றலாம்.

ஆனால் திறன் அதிகம் என்றால் தவறாகப் போட வழியும் அதிகம். கூட்டும் முறையையே பார்ப்போம். ஒரு மாணவி 10 மார்க் வினாடி வினாவில் 10 எடுத்தாள், 100 மார்க் தேர்வில் 50 எடுத்தாள். 'நேச்சுரல்' முறையில் 110-க்கு 60, அதாவது 54.5 சதவீதம். 'மீன்' முறையில் ஒவ்வொன்றுக்கும் சமப் பங்கு. நூறும் ஐம்பதும் சேர்ந்து 75 சதவீதம். 2014-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, நீங்கள் எதையும் தொடாவிட்டால் 'நேச்சுரல்'தான் வரும். அதில் பெரிய மார்க் தேர்வுக்குப் பெரிய பங்கு தானாகப் போகும். வளரறி 40, தொகுத்தறி 60 வேண்டுமானால் இரண்டு பிரிவு உருவாக்கி, பாடத்தின் மொத்தத்துக்கு 'வெயிட்டட் மீன்' வைத்து 40, 60 என்று எடை கொடுப்பதுதான் தலைவலி குறைந்த வழி.

காலிக் கட்டத்துக்கு வருவோம். காலியாக உள்ளதை விலக்கு என்று ஒரு அமைப்பு ஒவ்வொரு பிரிவிலும் உண்டு. குறைந்த இத்தனையை விடு என்று இன்னொன்று உண்டு. நான்கில் சிறந்த இரண்டு வேண்டும் என்று குறைந்த இரண்டை விடச் சொல்கிறோம். நம் பென்னாகரத்துப் பையனுக்கு 17 வரும் என்றுதானே நினைப்போம்? காலியை விலக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் 18 வரும். முதலில் ஆப்சென்டை விலக்குகிறது, மீதி 18, 16, 14. அதில் குறைந்த இரண்டை விடுகிறது, நிற்பது 18 மட்டும். மூன்று தேர்வுக்கே வந்தவன் நான்கும் எழுதியவனைவிட இலாபம் பார்க்கிறான்! காலியை விலக்காதே என்று மாற்றினால் 18, 16, 14, பூஜ்ஜியம் என்று எடுத்து, கீழ் இரண்டை விட்டு, 17 தரும்.

சரி, அப்படியே மாற்றிவிடலாமே என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். இன்னும் நடக்காத தேர்வும் அப்போது பூஜ்ஜியமாகத்தான் தெரியும். ஜூலையில் பிள்ளை தன் மொத்தத்தைத் திறந்து பார்த்தால் பயந்துவிடும். பருவம் முடியும்வரை மொத்தத்தை மாணவர் பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம். நடுவில் வந்து சேர்ந்தவருக்கு மட்டும் அவருடைய பழைய கட்டங்களைத் தனியாக விலக்கிவைக்க வழி உண்டு. வராதவர், சேராதவர் என்ற வித்தியாசத்தை மூடில் சுத்தமாகப் பிரித்துவிடும்.

கிரேடு ஏணியிலும் கவனம் வேண்டும். 81 முதல் 90 ஏ2, 91 முதல் 100 ஏ1 என்பது முழு எண்ணுக்கு எழுதிய விதி, 90.6 எடுத்தவர் எங்கே நிற்பார்? கையால் போடும் ஆசிரியர் 91 என்று ஆக்கி ஏ1 தருவார். மூடிலில் எல்லையை 91 என்று கொடுத்திருந்தால் அவர் ஏ2தான். மார்க்கைத் தசமமில்லாமல் 91 என்று காட்டினாலும் உள்ளே 90.6 என்றே வைத்துக்கொள்ளும். முழுமையாக்கி ஏற்றும் பழக்கமுள்ள பள்ளி எல்லையை 90.5 என்று கொடுக்க வேண்டும்.

எல்லோரையும் ஒரு முறையாவது குழப்பும் விஷயம், மதிப்பெண் ஏட்டில் நேரடியாகத் தட்டுவது. வினாடி வினாவில் வந்த மார்க்கை ஏட்டில் போய்த் திருத்தினால் அந்தக் கட்டம் 'ஓவர்ரைட்' ஆகி நிறம் மாறிவிடும். அதற்குப் பிறகு வினாவில் விடைக்குறிப்புத் தப்பென்று மறுதிருத்தம் செய்தாலும் அந்தப் பிள்ளையின் ஏட்டு மார்க் அசையாது. மற்ற எல்லோருக்கும் ஒரு மார்க் கூடும், அவருக்கு மட்டும் கூடாது. ஏட்டில் தட்டாதீர்கள், எந்தச் செயல்பாட்டில் மார்க் பிறந்ததோ அங்கேயே போய்த் திருத்துங்கள் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

இரட்டை நிபந்தனைக்கு அது பாதி உதவி. எழுத்துக்கு 20, செய்முறைக்கு 15 என்று ஒவ்வொன்றுக்கும் தேர்ச்சி மார்க் வைக்கலாம். எது தவறியது என்று காட்டும். ஆனால் மொத்தம் 43-ஐ அது 43 என்றுதான் காட்டும்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். சர்வர் வாடகை ஒரு பக்கம். அதைவிட அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள். பதிப்பை உயர்த்துவது, பேக்கப் எடுப்பது, தேர்வன்று முந்நூறு பேர் ஒரே நேரத்தில் நுழையும்போது சர்வர் படுத்தால் எழுப்புவது. ஆர்வமுள்ள கம்ப்யூட்டர் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று தொடங்கும் பள்ளிகள், இரண்டாவது ஆள் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆள் இல்லையென்றால் மூடில் வேண்டாம் என்பது என் கருத்து.

அதே சமயம், நெட் இல்லாத பள்ளிக்கும் மூடில் உதவும் என்பது பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் லேபில் உள்ள ஒரு கணினியையே சர்வராக்கி, லேன் வழியாக மற்றக் கணினிகளை இணைத்தால் வெளி இணையம் இல்லாமலேயே தேர்வும் மார்க்கும் நடக்கும். அஞ்செட்டி மாதிரி இடத்தில் இதற்கு ஒரு நல்ல யுபிஎஸ்ஸும், பேக்கப்பை வாரம் ஒருமுறை வேறு டிஸ்கில் எடுத்து வைக்கும் பழக்கமும் போதும். எல்லையோரப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, கன்னட வழிப் பிரிவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அவரவர் தமக்குப் பிடித்த மொழியில் திரையை வைத்துக்கொள்ளும் வசதியும் ஒரு நன்மை. மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

## விலைக்கு வாங்கும் பள்ளி மென்பொருள்

கட்டணம், பஸ், வருகை, மார்க், ரேங்க் கார்டு, பெற்றோருக்கு எஸ்எம்எஸ் எல்லாம் ஒரே கூரையில். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி நகரத் தனியார் பள்ளிகளுக்கு இதன் கவர்ச்சி புரிகிறது. அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்தால் எல்லாம் முடிகிறது.

கட்டணம் பெரும்பாலும் மாணவர் தலைக்கு, ஆண்டுக்கு. ஒரு பேச்சுக்குத் தலைக்கு 100 ரூபாய் என்றால் 800 பிள்ளைகளுக்கு 80,000. அது தெரிந்த செலவு. தெரியாதவை: எஸ்எம்எஸ்ஸுக்குத் தனி, ரேங்க் கார்டு வடிவத்தை மாற்றத் தனி, வாரியம் மதிப்பீட்டு முறையை மாற்றினால் அதைச் சேர்க்கத் தனி. எல்லாவற்றுக்கும் மேலே, விலகும்போது தரவு எந்த வடிவில் வரும் என்பது. பிடிஎஃப் ரேங்க் கார்டாகக் கொடுத்தால் அது தரவு இல்லை, படம். ஒவ்வொரு தேர்வின் மார்க்கும் எக்செல்லாக இறங்குமா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு, டெமோவிலேயே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

என் மனக்குறை வேறு. கணக்கு விதி உள்ளே புதைந்திருக்கிறது. 18, 16, ஆப்சென்ட், 14 என்று கொடுத்தால் என்ன வரும் என்று கேட்டால் விற்க வந்தவருக்கே தெரிவதில்லை, "சப்போர்ட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்பார். சொல்லத் தெரிந்து, விதியை நீங்களே மாற்றிக்கொள்ளவும் முடிந்தால் அது நல்ல மென்பொருள். டெமோவில் வண்ண வண்ண வரைபடத்தைப் பார்ப்பதற்குப் பதில் இந்த நான்கு எண்களைத் தட்டிப் பாருங்கள்.

## ஒரு பார்வையில்

| | எக்செல் / லிப்ரெஆபிஸ் | கிளாஸ்ரூம் | ஷீட்ஸ் மட்டும் | மூடில் | கம்பெனி மென்பொருள் |
|---|---|---|---|---|---|
| காலிக் கட்டம் | சூத்திரத்தைப் பொறுத்தது | கணக்கில் வராது | சூத்திரத்தைப் பொறுத்தது | அமைப்பில் மாற்றலாம் | கேட்டுத்தான் தெரியும் |
| சிறந்த இரண்டு | முடியும் | முடியாது | முடியும் | முடியும், கவனம் தேவை | பொருளைப் பொறுத்தது |
| எழுத்து, செய்முறை தனித்தனித் தேர்ச்சி | முடியும் | முடியாது | முடியும் | பாதி | பொருளைப் பொறுத்தது |
| மாற்றியது யார் என்ற தடம் | இல்லை | ஓரளவு | உண்டு | உண்டு | பொருளைப் பொறுத்தது |
| நெட் இல்லாமல் | நடக்கும் | நடக்காது | கொஞ்சம் | லேன் இருந்தால் நடக்கும் | பெரும்பாலும் நடக்காது |
| மறைந்த செலவு | ஒட்டும் வேலை | மாணவர் கணக்குகள் | முதல் அமைப்பு | பராமரிக்கும் ஆள் | மாற்றங்களும் விலகலும் |

## யாருக்கு எது

ஊரகத்து நடுநிலை, உயர்நிலைப் பள்ளி, ஓரளவு நெட் உண்டு என்றால் ஷீட்ஸ். கிளாஸ்ரூம் தேவையே இல்லை. பிள்ளைகள் இணையத்தில் வீட்டுப்பாடம் அனுப்பும் பழக்கம் வந்தபிறகு யோசிக்கலாம்.

வத்தல்மலை, சித்தேரி மாதிரி இடங்களில் லிப்ரெஆபிஸ். பூட்டிய மாதிரிக் கோப்பு ஒன்று, மாதம் ஒரு அச்சுப்பிரதி.

தினமும் தேர்வு வைக்கும் ஊத்தங்கரை, தர்மபுரிப் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு மூடில் உண்மையிலேயே பலன் தரும். ஒரு மார்க் வினாக்களை வினா வங்கியிலிருந்து எடுத்து லேபில் நடத்தினால் திருத்தும் வேலை போய்விடும்; இப்படிப் பள்ளிகளுக்கு இரண்டு ஆள் வைத்துப் பராமரிக்கவும் வசதி இருக்கும். ஆனால் பொதுத்தேர்வு மாதிரிக் கூட்டலை மட்டும் ஏட்டிலிருந்து இறக்கி விரிதாளில் போட வேண்டும், செய்முறை நிபந்தனைக்காக.

நகரத்து சிபிஎஸ்இ, மெட்ரிக் பள்ளிகளில் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் எப்படியும் மென்பொருள் வாங்கப் போகிறீர்கள் என்றால் மார்க்கையும் அதிலேயே வைப்பது நியாயம். மார்க்குக்காக மட்டும் வாங்குவது வீண்.

## மாறுவதற்கு முன்

முதல் வேலை தாளில்தான். ஆப்சென்டுக்கு என்ன, நடுவில் சேர்ந்தவருக்கு என்ன, சிறந்த எத்தனை, எந்தக் கட்டத்தில் முழுமையாக்குவது என்று நான்கு விதியை எழுதி எச்.எம். கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்யாமல் கருவியை மாற்றினால் பழைய குழப்பம் புதிய திரையில் வரும், அவ்வளவுதான்.

பெயர்ப்பட்டியலில் ஒரு தொல்லை காத்திருக்கும். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை அப்படியே ஏற்றினால் பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். யூனிகோடில் இருந்தாலும், எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாகும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகைச் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். மார்க்கைப் பொருத்துவது பெயரை வைத்து வேண்டாம், எமிஸ் எண்ணை வைத்துச் செய்யுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு சந்தியா இருப்பது நம் ஊரில் புதிதல்ல.

மாற்றத்தை ஜூனில் தொடங்குவது நல்லது. அரையாண்டுக்கு நடுவில் வேண்டாம். முதல் பருவத்துக்கு ஒரு வகுப்பு, ஒரு பாடம் மட்டும். அந்த வகுப்பில் ஐந்து பேரைப் பொறுக்கி எடுங்கள்: முதல் மார்க் எடுத்தவர், 35-ஐ ஒட்டி நிற்பவர், ஒரு தேர்வுக்கு வராதவர், நடுவில் வந்து சேர்ந்தவர், செய்முறையில் நிறைய வாங்கி எழுத்தில் தவறியவர். இவர்கள் ஐவரின் மொத்தத்தைக் கையால் போட்டு, கருவி தருவதோடு ஒப்பிடுங்கள். ஐந்தும் ஒத்துப்போனால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். ஒன்று இடித்தால் முதலில் விதி எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒரே வரியை இரண்டு விதமாகப் படித்திருப்பார்கள். தாளில் தெளிவாக இருந்தும் எண் இடித்தால்தான் அமைப்பைத் திறக்க வேண்டும்.